அசையாமல் படுத்திருத்தல்

வாழக்காட்டுப்பட்டியில் அந்தப் பேச்சைக் கிளப்பியது அம்சவேணி. ராசப்பன் வீட்டில் பகலில் ஒரு பொம்பளைக் குரல் கேட்கிறது, டவுன்காரி குரல், அவரும் அவளுக்குப் பதில் சொல்கிறார் என்று குழாயடியில் சொன்னாள். அவள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே இடுப்புயரக் கல்கட்டு ஒன்றுதான். அவள் காதில் விழுந்தது என்றால் விழுந்ததுதான்.

"இந்தக் கோலத்துல அவருக்கு எவ வருவா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வந்திருக்கறாளே! நெத்தியத் தளத்துங்க, தோளத் தளத்துங்கங்கறா. கையக் கால அமுக்கி உடறா போல. இவரும் செரிங்க செரிங்கன்னு கெடக்கறாரு."

குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அந்தக் குரலுக்கு அமுக்கிவிடக் கை கிடையாது என்பது ராசப்பனுக்கு மட்டும் தெரியும்.

ராசப்பன் மிளகு பறிக்கிறவர். சொந்தமாகக் கொஞ்சம் கொடியும், மரவள்ளி போட ஒரு சரிவும் இருந்தன. ஆனால் தையும் மாசியும் வந்தால் மலைமேல் குண்டூர் நாட்டில் அந்தப் பக்கத்துக் காட்டு மிளகில் பாதி அவர் கையால்தான் கீழே இறங்கும். ஒற்றை மூங்கிலில் கணுவுக்குக் கணு கிளையைச் சாண் நீளம் விட்டு வெட்டினால் அதுதான் ஏணி. அதைச் சில்வர் ஓக் மரத்தில் சாய்த்து, இடுப்பில் சாக்குப் பையைக் கட்டிக்கொண்டு அவர் ஏறிவிட்டால், கீழே நிற்கிறவர்களுக்குக் கொடி அசைவது மட்டும்தான் தெரியும். காற்று வந்தால் மரத்தோடு அவரும் ஆடுவார். இறங்கிவந்து, மேலே நல்ல காற்று என்று மட்டும் சொல்வார். அவர் எதற்காவது பயந்தார் என்று பட்டியில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இளவயதில் குடகுக் காப்பித் தோட்டங்களுக்குப் போய் வந்தார். பாப்பாத்தியைக் கட்டினார். கோகிலவாணி என்று ஒரே பெண். ஒரு ஐப்பசியில் பாப்பாத்திக்குக் காய்ச்சல் கண்டது. மலைப் பாதையில் மண் சரிந்து பஸ் வராத நாள் அது. கீழே கொண்டுபோவதற்குள் போய்ச் சேர்ந்தாள். கோகிலவாணி வளர்ந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாள். அங்கேயே கல்யாணமாகி அங்கேயே தங்கிவிட்டாள். அப்புறம் ராசப்பனுக்குத் துணை என்று சொன்னால் வெற்றிலையும் புகையிலையும்தான். மரத்தின் மேலே பேச ஆளில்லை. வாயில் ஏதாவது கிடந்தால் அதுவே ஒரு பேச்சு மாதிரி. இடது கன்னத்தில் ஒதுக்கினால் அரைநாள் தாங்கும்.

அந்த இடது கன்னம்தான் உள்ளே வெளுத்தது. வெளுத்த இடம் புண்ணானது. புண்ணை அவர் சுண்ணாம்பு பட்டது என்று நினைத்துக்கொண்டு இன்னொரு கன்னத்துக்கு மாறினார். பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகு கொண்டுபோன ஒருநாள், வழக்கமாக வாங்கும் வியாபாரி அவர் பேசுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க ராசப்பா, வாய் இவ்வளவுதான் தெறக்குதுங்களா?" என்று கேட்டார். திறந்து காட்டச் சொன்னார். பார்த்தவர் அப்புறம் விலையைப் பற்றிப் பேசவே இல்லை.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் கன்னத்தையும் தாடையில் ஒரு துண்டையும் எடுத்துவிட்டுத் தொடைச் சதையை அங்கே வைத்துத் தைத்தார்கள். கோகிலவாணி லீவு போட்டு வந்து கூட இருந்தாள். லீவு தீர்ந்ததும் போனாள். போகும்போது பட்டியில் வீடு வீடாக நின்று, "தொத்தற நோவு இல்லீங்க, டாக்டரே சொன்னாருங்க," என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஆனாலும் அதற்கப்புறம் ராசப்பன் வீட்டு வாசலை யாரும் மிதிக்கவில்லை. கல்கட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, சாப்பிட்டாச்சா என்று கேட்பார்கள். அவர் பதிலைத் தயார் செய்வதற்குள் நகர்ந்துவிடுவார்கள்.

தயார்தான் செய்ய வேண்டியிருந்தது. வார்த்தை மனசிலிருந்து ஒழுங்காகத்தான் கிளம்பும். வாய்க்கு வந்ததும் வழி தவறிவிடும். எதிரில் நிற்கிறவர் "என்னது?" என்பார். மறுபடி சொன்னால் மறுபடி "என்னது?" மூன்றாம் தடவை புரிந்த மாதிரி தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலைப் பார்ப்பதற்குப் பேசாமலே இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

ஆபரேஷனோடு முடியவில்லை. மிச்சம் மீதி இருந்தால் அதைக் கருக்குவதற்குக் கதிர்ச் சிகிச்சை, அதாவது கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரம். கரண்ட் படும்போது தலை நூலளவும் அசையக் கூடாது. அதற்காக ஒரு வலைத்தகட்டை வெந்நீரில் போட்டு இளக்கி, அவர் முகத்தின்மேல் இழுத்துப் பிடித்தார்கள். இதமான சூடுதான். ஆறியதும் அது கெட்டியாகி, அவர் மூக்கும் நெற்றியும் கோணிய தாடையும் அப்படியே அதில் இறங்கியிருந்தன. அதுவரை பொறுத்துக்கொண்டார். அடுத்த வாரம் மிஷின் அறையில் பலகைமேல் படுக்கவைத்து, அந்த முகத்தை அவர் முகத்தில் கவிழ்த்து, இரண்டு பக்கமும் பலகையோடு டக், டக்கென்று மாட்டினார்கள். அவருக்குள் ஏதோ ஒன்று எழுந்து ஓடப் பார்த்தது. தலை கட்டுண்டு கிடந்தது. காலை உதைத்தார். கையை ஆட்டினார். ஓடிவந்து கழற்றிவிட்டார்கள். மறுநாளும் அதேதான். எழுந்தவர் சட்டையை மாட்டிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி மலைக்கு வந்துவிட்டார்.

மரத்து உச்சியில் ஆடிக்கொண்டு நிற்கிறவருக்குப் பலகையில் படுத்திருக்க முடியவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஆரோக்கியமேரியிடம்தான் சொல்லப் பார்த்தார். அவள் மலைச் சுகாதார நிலையத்து நர்ஸ். திண்டுக்கல் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள். தையல் போட்ட இடத்துக்கு மருந்து வைக்கப் போனபோது, அவர் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது. கீழேயிருந்து போன் வந்திருந்தது.

"ஓடி வந்துட்டீங்களாமே ஐயா?" என்றாள். திட்டுகிற குரல் இல்லை. "வர்ற திங்கக்கிழமை ஒரு தடவ பாக்கறாங்களாம். அன்னைக்கும் படுக்க முடியலன்னா கரண்ட் வைக்கிறது இல்லன்னுட்டாங்க. வைக்கலன்னா அது திரும்ப வரும். திரும்ப வந்தா வெட்டி எடுக்க அங்க எடம் இல்ல ஐயா. புரியுதா?"

புரிந்தது. அவருடைய போனை வாங்கி எதையோ தேடி ஏற்றினாள். "இது மனசத் தளர வைக்கிற ஆப். எங்க அக்காவுக்கு மார்புல கட்டி. ஊசி ஏத்துறப்பல்லாம் இதத்தான் கேட்டுக்கிட்டு இருப்பா. உங்க ஊர்ல சிக்னல் கெடையாதே, அதனால எறக்கியே வச்சிருக்கேன். தொட்டா பேசும். காதுல மாட்டிக்கிட்டுப் படுத்துக் கேளுங்க. முகத்துமேல எதையாவது கவுத்துக்கிட்டுப் பழகுங்க. திங்கக்கிழமை வரைக்கும் இதுதான் உங்களுக்கு வேலை."

வீட்டுக்கு வந்து பாயை விரித்தார். காதில் மாட்டுவதைக் கொண்டுபோனால் தையல் இடம் சுரீரென்றது. வலது காதில் மட்டும் மாட்டினாலும் ஒயர் கழுத்தை இழுத்தது. தூக்கிப் போட்டுவிட்டு, போனைத் தலைமாட்டில் வைத்துச் சத்தமாகவே விட்டார். முகத்துக்கு என்ன வைப்பது என்று சுற்றிப் பார்த்தபோது கோழி கவிழ்க்கும் மூங்கில் கூடை கண்ணில் பட்டது. உதறித் துடைத்துத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டார். கண்ணெதிரே மூங்கில் பின்னல், அதன் வழியாகத் துண்டு துண்டாக ஓட்டுச் சந்து. பழைய கோழி நாற்றம்.

"வணக்கம்," என்றது குரல்.

"வணக்கமுங்க," என்றார் ராசப்பன்.

"இந்த நேரம் உங்களுக்கானது. வசதியாகப் படுத்துக்கொள்ளுங்கள்." அப்புறம் பேச்சில்லை.

அவர் பதில் சொல்வதற்காக அவள் காத்திருக்கிறாள் என்று அவருக்குப் பட்டது. "படுத்துட்டனுங்க," என்றார்.

"மூச்சை மெதுவாக உள்ளே இழுங்கள்." மறுபடி அமைதி.

"இழுத்துட்டனுங்க."

அவள் "என்னது?" என்று கேட்கவில்லை. அதை அவர் உடனே கவனித்தார். வார்த்தை எப்படிக் கோணினாலும் அவள் அதே நிதானத்தோடு அடுத்ததற்குப் போனாள். தோளைத் தளர்த்தச் சொன்னாள். தாடையைத் தளர்த்தச் சொன்னாள். தாடை என்றதும், "அதுல பாதி இல்லீங்களே," என்றார். அதற்கும் கொஞ்ச நேரம் பொறுத்திருந்துவிட்டு, "நல்லது," என்றாள்.

முதல் நாள் கொஞ்ச நேரத்திலேயே கூடையைத் தட்டிவிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார். மறுநாள் அதைவிடக் கூடுதலாகக் கிடந்தார். அவளுடைய இடைவெளிகள் அவருக்குப் பழகின. நீளமான இடைவெளி எது, குட்டி எது என்று தெரிந்துபோனது. குட்டி இடைவெளியில் செரிங்க என்பார். நீளமானதில் ஏதாவது சொல்வார். இந்த வருஷம் கொடியில் வாடல் விழுந்ததைச் சொன்னார். கோகிலவாணியின் மகன் போனில் தாத்தா என்று கூப்பிட்டுவிட்டு, இவர் பேசியதும் பயந்து போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டதைச் சொன்னார். பதிவு செய்த குரல் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. பஸ்ஸில் ரேடியோ கேட்காதவரா? தெரிந்தேதான் பேசினார். அவர் சொல்லி முடிக்கும்வரை யாராவது நகராமல் இருந்து ரொம்ப நாளாகியிருந்தது.

அவள் சொன்னதில் ஒன்று மட்டும் அவருக்குக் கைகூடவில்லை. கடற்கரையில் படுத்திருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னாள். அலை வருகிறது, போகிறது என்றாள். கடலை அவர் பார்த்ததில்லை. "பாக்கலீங்க," என்று ஒவ்வொரு நாளும் சொல்லிவிட்டு, அந்த இடத்தை மட்டும் சும்மா கடத்தினார்.

வியாழக்கிழமை மத்தியானம், கூடைக்குள்ளேயே தூங்கிப் போனார். குரல் முடிந்ததும் போன் தானாக அடுத்ததற்குப் போயிருக்கிறது. மழை. இலைமேல் சட்டென்று பிடித்து, ஓட்டின்மேல் ஏறி, கொட்டுகிற மழை. தூக்கத்தில் அவருக்கு அது நிஜ மழையாகவே பட்டது. வாசலில் தார்ப்பாய்மேல் அவர் கொடியிலிருந்து அம்சவேணி புருஷன் பூபதி பறித்துக் கொடுத்த மிளகு காய்கிறது. பாதி கறுத்த மிளகு நனைந்தால் பூஞ்சை பிடித்துவிடும். கூடையைத் தள்ளிவிட்டு ஓடினார். முழங்காலிட்டு இரண்டு கையாலும் அள்ளி அள்ளிச் சாக்கில் போட்டார்.

முதுகில் வெயில் சுட்டது. அதை உணர்வதற்கே அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ஏனுங்கண்ணா," கல்கட்டுக்கு அந்தப் பக்கம் அம்சவேணி நின்றாள். "இந்த வெயில்ல மொளக எதுக்கு அள்றீங்க?"

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. வீட்டுக்குள் மழை பெய்துகொண்டிருந்தது. அம்சவேணி காதைத் தீட்டிக்கொண்டு கதவைப் பார்த்தாள். உள்ளே சளசளவென்று தண்ணீர் விழும் சத்தம். ராசப்பனைப் பார்த்தாள். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். மழை நின்றது.

"உள்ள அவ குளிக்கறா," என்று சாயங்காலம் குழாயடியில் முடிவாகிவிட்டது.

அந்தப் பட்டியில் ஒருவர் பெண்ணைக் கூட்டிவந்து வைத்துக்கொள்வதில் பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. பெண்டாட்டி செத்தவர் இன்னொருத்தியை அழைத்துவருவதும், புருஷனை விட்டவள் இன்னொரு வீட்டுக்குப் போவதும் நடக்கிற காரியம்தான். ஆனால் ஊருக்கு வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்ல வேண்டும். சொல்லாமல் வைத்துக்கொண்டால், நாளைக்கு அவள் சனம் தேடிவந்து நின்றால் ஊர்தான் பதில் சொல்லியாக வேண்டும். அதனால் மறுநாள் மத்தியானம் ஊர்க்கவுண்டரே வந்தார். கூட அம்சவேணியும் பூபதியும்.

மூன்று பேரும் வாசலுக்கு வெளியே நின்றார்கள்.

"ராசப்பா! வெளிய வாப்பா. உள்ள இருக்கறவங்களையும் கூட்டிட்டு வா."

உள்ளேயிருந்து குரல் சொன்னது: "நீங்கள் இப்போது எங்கும் போக வேண்டியதில்லை."

"கேட்டீங்களா கவுண்டரே?" என்றான் பூபதி. "போவாதீங்கறா. வந்த ஒடனே முந்தானைல முடிஞ்சுட்டா மனுசன!"

ஊர்க்கவுண்டர் தொண்டையைக் கனைத்தார். "ஏம்மா, நீ எந்த ஊரு, ஆரு ஊட்டுப் பொண்ணு? ஊர்க்கவுண்டன் வந்திருக்கறன். வெளிய வந்து நின்னு பேசு."

"நெற்றியைத் தளர்த்துங்கள். இமைகளைத் தளர்த்துங்கள்."

ஊர்க்கவுண்டர் சுருக்கிய நெற்றியோடு பூபதியைத் திரும்பிப் பார்த்தார். "மரியாத தெரிஞ்ச பொண்ணாத்தான் தெரியுது," என்றார்.

கதவு திறந்தது. ராசப்பன் அவசரத்தில் கூடையைத் தலையிலிருந்து எடுக்காமலே வந்துவிட்டார். அம்சவேணி வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் கூடையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையிலிருந்த போனை நீட்டினார். போன் மூச்சை இழுக்கச் சொன்னது. அப்புறம் விடச் சொன்னது. மூன்று பேரும் கேட்டார்கள். பூபதி தன்னை அறியாமல் ஒரு பெருமூச்சு விட்டான்.

"ஆஸ்பத்திரிப் போனா?" என்றார் ஊர்க்கவுண்டர்.

ராசப்பன் ஆமாம் என்றார்.

"செரி, அது போவுது. கோழிக்கூடை எதுக்குப்பா?"

சொல்லத்தான் பார்த்தார். முகமூடி, பலகை, கரண்ட், திங்கட்கிழமை. ஒரு வார்த்தையும் உருப்படியாக வெளியே வரவில்லை. "என்னது?" என்றார் ஊர்க்கவுண்டர். மறுபடி சொன்னார். "என்னதுப்பா?" மூன்றாவது தடவை அவர் தலை ஆடத் தொடங்குவதைப் பார்த்ததும் ராசப்பன் நிறுத்திக்கொண்டார். வாசல் மண்ணில் மல்லாந்து படுத்தார். கூடையை முகத்தில் கவிழ்த்து, இரண்டு கையாலும் இரண்டு பக்கமும் தரையோடு அழுத்திப் பிடித்துக் காட்டினார். கையையும் காலையும் விறைத்து நீட்டி அப்படியே கிடந்தார்.

யாரும் சிரிக்கவில்லை.

"எந்திரிங்கண்ணா," என்றாள் அம்சவேணி. "அப்படிப் படுக்காதீங்க. எந்திரிங்க."

அவர்கள் போன பிறகு கல்கட்டின்மேல் ஒரு தூக்குப்போசி இருந்தது. ராகிக் கூழ், தண்ணியாகக் கரைத்து, அவர் வாய்க்கு ஏற்றபடி. அங்கேயே வைத்துவிட்டு, "அண்ணா, எடுத்துக்கங்க," என்று சத்தம் கொடுத்துவிட்டு அம்சவேணி உள்ளே போய்விட்டாள். இந்தப் பக்கம் வரவில்லை.

அன்றிலிருந்து அது பட்டியில் ஒரு வேடிக்கையாகிவிட்டது. கெட்ட எண்ணத்தில் இல்லை. "என்னுங்கண்ணா, ஊட்டம்மா என்ன சொல்றாங்க?" என்பான் பூபதி, வேலைக்குப் போகும்போது. ராசப்பனும் சிரிக்க முயற்சி செய்வார். ஆனால் குரலுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார். அவள், மூச்சை இழுங்கள் என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பாள். அவர் வாயை மூடிக்கொண்டு கிடப்பார். அந்த இடைவெளிகள் வெறுமனே வந்து வெறுமனே போயின. ஒரே வீட்டில் சண்டை போட்டுக்கொண்டவர்கள் மாதிரி இருந்தது.

அதைவிட மோசம், கூடைக்குள் கண்ணை மூடினால் மூன்று முகங்கள் மேலிருந்து குனிந்து பார்த்தன. வெள்ளிக்கிழமை காலையில் முழுசாகக் கிடந்தவர், ஞாயிற்றுக்கிழமை பாதிகூடக் கிடக்க முடியாமல் கூடையைத் தூக்கி எறிந்தார். அது சுவரில் மோதி உருண்டது.

ஞாயிறு சாயங்காலம் பஸ் நிற்கும் மேட்டுக்குப் போய் கோகிலவாணிக்குப் போன் போட்டார். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். அவள் வருவதாகத்தான் சொல்லியிருந்தாள்.

"அப்பா, கப்பல்ல அனுப்பற சரக்கு நாளைக்கு முடிக்கணுமாம்ப்பா. சூப்பர்வைசர் உடமாட்டேங்கறான். சனிக்கிழமை வந்துர்றேன். நாளைக்கு ஒரு நாள் நீயே போயிருவியா?" பின்னால் மிஷின்கள் ஓடும் சத்தம்.

"போயிருவேன்," என்றார்.

"என்னப்பா?"

"போயிருவேன்."

"செரிப்பா. பயப்படாம படு. இப்ப அந்தப் போன் கேட்டுப் பழகிட்டதான?"

அவர் ஊம் என்றார். ஊம் மட்டும்தான் எப்போதும் சரியாக வந்தது.

திங்கட்கிழமை விடிகாலை, முதல் பஸ்ஸில் மலையை விட்டு இறங்கினார். வளைவுக்கு வளைவு பஸ் சாய, பனி மேலேயே தங்கிவிட, கீழே வெயில் விரிந்து கிடந்தது. பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. கூட்டம் குறைவுதான். ஆனாலும் அவர் முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டார்.

மிஷின் அறைக்கு வெளியே யுவராஜ் நின்றான். கரண்ட் வைக்கிற பையன். போன தடவை ஓடியபோது பின்னாலேயே படிக்கட்டு வரை வந்து கூப்பிட்டவன்.

"வந்துட்டீங்களா! நல்லதுங்க," என்றான். அப்புறம் மெதுவாக, "இன்னைக்கு எப்படியாச்சும் படுத்துருங்க ஐயா. இன்னைக்கும் முடியலன்னா அட்டையில எழுதிட்டுத் திருப்பி அனுப்பச் சொல்லிட்டாரு டாக்டரு."

ராசப்பன் போனைக் காட்டினார். தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கையால் கேட்டார்.

"உள்ள போன் கூடாதுங்க. வெளியதான் வெக்கணும்."

அதை அவர் எதிர்பார்க்கவில்லை. ஒரு வாரம் பழகியதெல்லாம் அதை வைத்துத்தான். சட்டையைக் கழற்றிப் போனைச் சட்டைப்பையிலேயே விட்டு, பெஞ்சின்மேல் வைத்தார். இரண்டு எட்டு நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

பலகை குளிர்ந்தது. யுவராஜ் முகமூடியைக் கொண்டுவந்தான். "கண்ண மூடிக்கங்க. கஷ்டமா இருந்தா கையத் தூக்குங்க, நான் டிவியில பாத்துக்கிட்டேதான் இருப்பேன்." முகம் முகத்தில் பொருந்தியது. டக். டக். டக். எல்லாரும் வெளியே போனார்கள். கனத்த கதவு நகரும் ஓசை நீளமாகக் கேட்டு நின்றது.

இவ்வளவு பெரிய அறையில் அவர் ஒருவர்தான் இருந்தார். இங்கே இருக்கக் கூடாது என்று ஊரில் இருக்கிற எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு அவரை மட்டும் உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்.

அன்றைக்கு ஓடப் பார்த்த அது மறுபடி எழுந்தது. குரலைக் கூப்பிட்டுப் பார்த்தார். வணக்கம், இந்த நேரம் உங்களுக்கானது. வார்த்தைகள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன, அவள் வரவில்லை. மை அழிந்த எழுத்து மாதிரி வார்த்தைகள் மட்டும் கிடந்தன. அலை வருகிறது, போகிறது. எந்த அலை? மிஷின் எங்கோ உறுமிக்கொண்டு நகர்ந்தது. வலது கை பலகையை விட்டுக் கொஞ்சம் எழும்பியது.

தூக்கினால் போதும். கதவு திறந்துவிடும். கழற்றிவிடுவார்கள். பஸ் இருக்கிறது.

'செத்த இரு,' என்றார்.

வாய் அசையவில்லை, அசைய இடமும் இல்லை. உள்ளேதான் சொன்னார். ஆனால் சொன்னது தெளிவாகக் கேட்டது. ஒரு எழுத்துகூடக் குழறவில்லை. அது அவருடைய குரல். ஏணி உச்சியிலிருந்து கீழே சாக்கு பிடிக்கிறவனைக் கூப்பிடுகிற, ஆபரேஷனுக்கு முந்தின குரல். அது இன்னும் உள்ளே முழுசாக இருந்தது அவருக்குத் தெரியாது.

'செத்த இரு ராசப்பா. கைய வெய்யி. ம். அப்படித்தான். ஆரும் உன்னயப் புடிச்சுக் கட்டல. பஸ் ஏறி நீதான வந்து படுத்த? மூச்ச இழு. இழுத்தியா? இன்னங் கொஞ்சம். இப்ப உடு. தோள எறக்கு. எதுக்கு அதத் தூக்கிப் புடிச்சிருக்கற, என்னத்தச் சொமக்கற? எறக்கு. தாடைய உடு. இருக்கறது பாதிதான், அதயும் உட்டுரு. இதென்ன சத்தம்? மிஷினு சுத்துது. சுத்தட்டும். அது வேலய அது பாக்குது. நீ படு.'

மிஷின் நின்றது. நகர்ந்தது. வேறு பக்கத்திலிருந்து உறுமியது. அவர் தனக்குத் தானே பேசிக்கொண்டே கிடந்தார். என்ன பேசினார் என்று பின்னால் முழுசாக நினைவில்லை. பாதியில், தான் பேசுவதைக் கேட்பதற்காகவே பேசிக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. கை பலகையிலேயே இருந்தது.

கதவு மறுபடி நீளமாக ஓசையிட்டது. டக். டக். டக். வெளிச்சமும் காற்றும் ஒன்றாக முகத்தில் பட்டன.

"அவ்வளவுதாங்க ஐயா," என்றான் யுவராஜ். அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். "முழுசாப் படுத்துட்டீங்க!"

ராசப்பன் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். கன்னத்தில் வலைத் தடம் பதிந்திருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வெளியே வந்தது பழையபடி கோணலாகத்தான் வந்தது.

"என்னதுங்க?" என்றான் யுவராஜ்.

"நாளைக்கு," என்றார் ராசப்பன், ஒவ்வொரு எழுத்தாக.

"நாளைக்கும் இதே நேரந்தாங்க."

யுவராஜ் முகமூடியைச் சுவரோரத்து அலமாரிக்குக் கொண்டுபோனான். முந்தைய இரண்டு தடவையும் இருந்த பதற்றத்தில் அவர் இதுவரை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. தட்டுத் தட்டாக முகங்கள் அடுக்கியிருந்தன. மூக்கு நீண்டவை, கன்னம் ஒட்டியவை, ஒரு சின்ன முகம். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒட்டிய தாளில் ஒரு பெயர். எல்லாம் கண்ணை மூடியிருந்தன. யுவராஜ் அவருடையதை இரண்டு முகங்களுக்கு நடுவில் வைத்துவிட்டு, அடுத்த முகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். தலையில் துண்டு சுற்றிய, மெலிந்த ஆள். கையில் போனை இறுக்கிப் பிடித்திருந்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். பின்னாலேயே வெளியே வந்த ராசப்பன் தன் சட்டையை எடுத்துக்கொண்டு, பெஞ்சில் அந்த இடத்தைக் கையால் தட்டிக் காட்டினார். அந்த ஆள் போனை அங்கே வைத்துவிட்டு உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது.

ராசப்பன் சட்டையை மாட்டிப் பொத்தான் போட்டார். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. அவர் பெஞ்சிலேயே, அந்தப் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.